ரிப்போர்ட்ல ரத்தம் குறைவு எண்டு வந்தா: எஃப்பிசி கடதாசிய வரிவரியாப் படிக்கிறது எப்பிடி, எப்ப ஆஸ்பத்திரிக்கு ஓடுறது

நான் திருகோணமலைல ஒரு லாப்ல 20 வருசத்துக்கு மேல ரத்தம் எடுத்து மெஷின்ல போட்டு ரிப்போர்ட் அடிச்சுக் குடுத்த ஆள். ஜன்னலுக்கு அங்கால நிக்கிறவங்க கடதாசிய வாங்கின கையோட கேக்கிற கேள்வி எப்பவும் ஒண்டுதான், "மிஸ், ரத்தம் காணுமா?" நாங்க அதுக்குப் பதில் சொல்ல ஏலாது, டொக்டரிட்டக் காட்டுங்க எண்டு மட்டும்தான் சொல்லலாம். அவங்களும் தலையாட்டிட்டு கடதாசிய நாலா மடிச்சு பேக்குக்குள்ள வச்சிட்டு நேரா மார்க்கட்டுக்குப் போய் பீட்ரூட் ஒரு கிலோ வாங்கிட்டு வீட்ட போயிடுவாங்க, டொக்டரிட்டப் போறவங்க பாதிப் பேர் கூட இருக்க மாட்டாங்க எண்டுதான் நினைக்கிறன். இப்ப வேலைய விட்டாச்சு, அதால அந்த ஜன்னல்ல சொல்ல ஏலாமப் போனதெல்லாத்தையும் ஆறுதலா எழுதுறன். எஃப்பிசி எண்டா ஃபுல் பிளட் கவுண்ட், ரத்தக் கலங்கள எண்ணி அளந்து பாக்கிற டெஸ்ட், அந்தக் கடதாசியக் கையில வச்சுக்கொண்டு வாசிச்சா நல்லா விளங்கும்.

ஒண்டு முதல்லயே சொல்லிடுறன், இத வாசிச்சிட்டு டொக்டரிட்டப் போகாம விடுறதுக்கு இல்ல, போனா என்ன கேக்கணும் எண்டு தெரிஞ்சுகொண்டு போறதுக்குத்தான்.

படி 1: இது உங்கட கடதாசிதானா எண்டு பாருங்க

சிரிக்காதீங்க. ஒரே பேர்ல ஒரே நாள்ல மூண்டு பேர் வருவாங்க. பேர், வயசு, ஆணா பெண்ணா, திகதி நாலையும் பாருங்க. வயசும் ஆண் பெண்ணும் பிழையா அடிபட்டிருந்தா வலப்பக்கத்தில போட்டிருக்கிற நோமல் அளவும் பிழையா வரும், ஏனெண்டா ஆம்பிளைக்கு ஒரு அளவு, பொம்பிளைக்கு ஒரு அளவு, சின்னப் பிள்ளைக்கு இன்னொரு அளவு. எல் எண்டு பக்கத்தில இருந்தா அந்த அளவுக்குக் கீழ, எச் எண்டா மேல. கர்ப்பிணி எண்டு லாப்ல சொல்லாட்டி சாதாரணப் பொம்பிளைட அளவத்தான் போட்டு விடும், அதால கிளினிக் போற பிள்ளைகள் எல் எண்டதப் பாத்து வீணாப் பயப்படுறதும் நடக்கிறது.

எஃப்பிசிக்கு வெறும் வயித்தோட போகத் தேவையில்ல. சீனிக்கும் சேத்து எடுக்கிறதெண்டா அது வேற கதை.

எங்கட ஊராக்களுக்கு எஃப்பிசி எண்டாலே டெங்குதான் ஞாபகம் வரும், 2017ல கிண்ணியாப் பக்கம் டெங்கு ஆட்டிப்படைச்ச நேரம் நாளுக்கு ரெண்டு தரம் எஃப்பிசி எடுத்த குடும்பமெல்லாம் இருக்கு, அந்தப் பழக்கத்தில இண்டைக்கும் கடதாசி வந்த உடன கண் நேரா பிளேட்லட்டுக்குத்தான் போகும், அது நல்லா இருந்தா "எல்லாம் ஓகே" எண்டு கடதாசிய வச்சிடுவாங்க, அதுக்கு நாலஞ்சு வரி மேல எச்பி 8.9 எண்டு கிடக்கும், ஒருத்தரும் பாக்க மாட்டாங்க.

படி 2: எச்பி எண்ட வரி

ஹீமோகுளோபின், சுருக்கமா எச்பி. ரத்தத்தில ஒட்சிசனத் தூக்கிக்கொண்டு திரியிற சிவப்புச் சாமான் இதுதான். குருதிச்சோகை, அதுதான் ரத்தம் குறைவு, இருக்கா இல்லையா எண்டு முடிவெடுக்கிறது இந்த ஒரு இலக்கத்த வச்சுத்தான். அலகு ஒரு டெசிலீற்றருக்கு எத்தன கிராம் எண்டு இருக்கும், சில இடத்தில லீற்றருக்கு எண்டு போடுவாங்க, அப்ப 11.2 எண்டது 112 எண்டு வரும், ரெண்டும் ஒண்டுதான், 112 எண்டதப் பாத்து ரத்தம் கூடிப் போச்சு எண்டு நினைக்காதீங்க.

உலக சுகாதார நிறுவனத்தின்ட அளவுப்படி வளந்த ஆம்பிளைக்கு 13க்குக் கீழ போனா குருதிச்சோகை, கர்ப்பமில்லாத பொம்பிளைக்கு 12க்குக் கீழ. கர்ப்பிணிக்கு முதல் மூண்டு மாசத்திலயும் கடைசி மூண்டு மாசத்திலயும் 11, நடுவில 10.5, ஏனெண்டா அந்த நேரம் உடம்பில நீர்ப்பகுதி கூடுறதால ரத்தம் கொஞ்சம் ஐதாகும். பிள்ளைகளுக்கு 6 மாசத்தில இருந்து 2 வயசு வரைக்கும் 10.5, 2 வயசில இருந்து 5 வயசு வரைக்கும் 11, 5 வயசில இருந்து 11 வயசு மட்டும் 11.5, 12 இல இருந்து 14 வயசு மட்டும் 12. இந்த அளவுகள் 2024ல புதுசாக்கினது, பழைய கடதாசியள்ல கொஞ்சம் வித்தியாசமா இருக்கலாம்.

எவ்வளவு குறைவு எண்டதும் முக்கியம். கர்ப்பமில்லாத பெரிய ஆக்களுக்கு 11க்கு மேல இருந்தா லேசானது, 8க்கும் 11க்கும் இடைல நடுத்தரம், 8க்குக் கீழ கடுமை. கர்ப்பிணிக்கு 7க்குக் கீழ போனாத்தான் கடுமை எண்டு பேர், ஆனா அதுக்காக 7.5ல கர்ப்பிணி வீட்டில இருக்கலாம் எண்டில்ல, அது கீழ சொல்லுறன்.

சிகரெட் குடிக்கிற ஆக்களுக்கு எச்பி கொஞ்சம் கூடிக் காட்டும், வயித்தோட்டம் சத்தி எண்டு உடம்பு வறண்டு போய் இருந்தாலும் கூடிக் காட்டும். அதால நல்லா இருக்கிற மாதிரித் தெரிஞ்சாலும் உள்ளுக்க குறைவா இருக்கலாம்.

எச்பிக்குப் பக்கத்தில பிசிவி எண்டு ஒண்டு இருக்கும், ரத்தத்தில சிவப்புக் கலம் எத்தின வீதம் எண்டது, பொதுவா அது எச்பிட மூண்டு மடங்கு கிட்ட வரும். எச்பி 10 எண்டா பிசிவி 30 போல. பெரிய இடைவெளி இருந்தா சாம்பிளில ஏதும் பிழையா எண்டு லாப்காரர் யோசிக்கணும், நீங்களும் கேக்கலாம், கோவிக்க மாட்டாங்க.

படி 3: பழைய ரிப்போர்ட்டுகள எடுத்துப் பக்கத்தில வையுங்க

இதத்தான் நான் எல்லாத்திலயும் முக்கியம் எண்டு சொல்லுவன், இதுல எனக்கு அடி விழுந்திருக்கு. எங்கட அம்மாக்கு முழங்கால் வருத்தம். ஒரு வருசம் 12.1, ஆறு மாசம் கழிச்சு 11.6, பேந்து 10.7. ஒவ்வொரு தரமும் நான்தான் கடதாசியப் பாத்தது, ஒவ்வொரு தரமும் "கொஞ்சம்தானே குறைவு, வயசுதானே, இந்த வயசில இப்பிடித்தான் இருக்கும்" எண்டு சத்துக் குளிசை வாங்கிக் குடுத்திட்டு விட்டன். மூண்டையும் ஒண்டா வச்சுப் பாக்கல. லாப்ல வேலை செய்த எனக்கே அது தோணல. 8.3க்கு வந்து கோயில் படில தலைச்சுத்தி இருந்த பிறகுதான் விளங்கிச்சு. கடைசில வாயால கமராக் குழாய் விடுற எண்டோஸ்கோப்பி செய்து பாத்தா இரைப்பைல புண், முழங்காலுக்கு எண்டு பார்மசில சீட்டில்லாம வாங்கி வாங்கிப் போட்ட டைக்குளோபெனாக் எண்ட வலிக் குளிசை செய்த வேலை, மாசக்கணக்கா கொஞ்சம் கொஞ்சமா ரத்தம் கசிஞ்சிருக்கு.

அதால, 10.5 எண்ட இலக்கம் தனிய ஒண்டும் சொல்லாது. அஞ்சு வருசமா 10.5லயே நிக்கிற ஆளுக்கு அது ஒரு கதை, போன மாசம் 13 இருந்து இந்த மாசம் 10.5 ஆன ஆளுக்கு அது முழுசா வேற கதை. ரெண்டாவது ஆள் இந்தக் கிழமையே டொக்டரிட்டப் போகணும், இலக்கம் அவ்வளவு மோசமா இல்லாட்டியும்.

படி 4: எம்சிவி, இதுதான் துப்புக் குடுக்கிற வரி

ஒருத்தரும் பாக்காத வரி. சிவப்புக் கலம் எவ்வளவு பெருசு எண்டதத்தான் எம்சிவி சொல்லும். நோமல் 80ல இருந்து 100 வரைக்கும். ரத்தம் குறைவு எண்டு வந்த உடன அடுத்ததா கண் போக வேண்டிய இடம் இதுதான், ஏனெண்டா கலம் சின்னனா, அளவா, பெருசா எண்டதிலயே காரணம் பாதி தெரிஞ்சிடும்.

80க்குக் கீழ எண்டா கலம் சின்னன். இரும்புச்சத்துக் குறைவுதான் முதல் சந்தேகம், ரெண்டாவது தலசீமியா எண்ட பரம்பரை ரத்த வருத்தத்தின்ட கேரியர், அது படி 6ல சொல்லுறன். 100க்கு மேல எண்டா பெருசு, பி12 இல்லாட்டி ஃபோலேட் எண்ட விட்டமின் குறைவு, தைரொயிட் சோம்பல், ஈரல் பிரச்சின, சாராயம். நடுவில இருந்தா ரத்தம் கிட்டடில போயிருக்கலாம், சிறுநீரகம் பழுதாகி இருக்கலாம், இல்லாட்டி வேற நாட்பட்ட வருத்தம் ஏதும் இருக்கலாம்.

இதுக்குள்ள ஒரு கள்ளம் இருக்கு. இரும்பும் குறைவு பி12ம் குறைவு எண்டா ஒண்டு கலத்தச் சின்னனாக்கும் மற்றது பெருசாக்கும், சராசரி எடுத்தா எம்சிவி 88 எண்டு அழகா வந்து நிக்கும். அதப் பிடிக்கத்தான் ஆர்டிடபிள்யூ எண்ட வரி, கலமெல்லாம் ஒரே அளவா, கலவையா எண்டு சொல்லுறது. ஏறத்தாழ 14.5 வீதத்துக்கு மேல போனா கலவை. அந்த நேரம் டொக்டர்மார் பிளட் பிக்சர் எழுதுவாங்க, அதுல மெஷின் இல்ல, ஆள் மைக்ரோஸ்கோப்புக்குள்ள கண்ணால பாத்து எழுதுறது. காசு கொஞ்சம் கூடத்தான், ஆனா தேவையான நேரத்தில செய்தா பத்து டெஸ்ட் மிச்சம்.

படி 5: சின்னக் கலம் எண்டா ஃபெரிட்டின் கேளுங்க

எஃப்பிசில இரும்பு எவ்வளவு இருக்கு எண்டு நேராத் தெரியாது. அதுக்கு சீரம் ஃபெரிட்டின் எண்டு தனி டெஸ்ட். உடம்பு சேமிச்சு வச்சிருக்கிற இரும்புட கணக்கு அது, வங்கிப் புத்தகம் மாதிரி. எச்பி கையில இருக்கிற காசு. கையில காசு இருக்கும் போதே புத்தகத்தில ஒண்டும் இல்லாம இருக்கலாம், அப்பிடியான ஆக்கள்தான் எச்பி 12.3 எண்டு நோமலா வந்தும் சரியான களைப்பு, முடி கொட்டுது, ஐஸ் கட்டி கடிக்கணும் போல இருக்கு, பச்சை அரிசி திங்கணும் போல இருக்கு எண்டு சொல்லுறது. அரிசி திங்கிறதுக்கு வீட்டில பேச்சு வாங்கிற பிள்ளைகள் எத்தினையோ பேர், அது கெட்ட பழக்கம் இல்ல, இரும்பு குறைஞ்சதின்ட அறிகுறியா இருக்கலாம்.

ஃபெரிட்டின் 15க்குக் கீழ எண்டா இரும்பு இல்ல எண்டது நிச்சயம். நடைமுறைல 30க்குக் கீழ வந்தாலே பெரும்பாலான டொக்டர்மார் குறைவு எண்டுதான் எடுப்பாங்க. சில லாப் கடதாசில நோமல் எண்டு 10ல இருந்தே தொடங்கும், அதால 13 எண்டு வந்த ஆளுக்குப் பக்கத்தில எல் விழாது, அவரும் சந்தோசமாப் போயிடுவார். எல் இல்லாட்டியும் இலக்கத்தப் பாருங்க.

காய்ச்சல், மூட்டு வீக்கம், ஏதும் கிருமி எண்டு இருக்கிற நேரத்தில ஃபெரிட்டின் பொய்யா ஏறும். இரும்பு இல்லாத ஆளுக்கும் 60 எண்டு காட்டும். அழற்சி இருக்கிற பெரிய ஆக்களுக்கு 70க்குக் கீழ எண்டாலே சந்தேகிக்கச் சொல்லித்தான் உலக சுகாதார நிறுவனமும் சொல்லுது. அதால காய்ச்சல் மாறி ரெண்டு மூண்டு கிழமை கழிச்சு எடுக்கிறது நல்லம், இல்லாட்டி சேத்து சிஆர்பி எண்ட, அழற்சி இருக்கா எண்டு காட்டுற டெஸ்டும் எடுங்க. இரும்புக் குளிசை தொடங்கிறதுக்கு முதல் எடுக்கணும் எண்டதையும் மறக்காதீங்க, குளிசை போடத் தொடங்கிட்டா கணக்குக் குழம்பும்.

படி 6: இரும்பு நல்லா இருக்கு, ஆனாலும் கலம் சின்னன்?

அப்ப தலசீமியா கேரியரா எண்டு பாக்கணும். கேரியர் எண்டா வருத்தக்காரர் இல்ல, நல்ல சுகமா இருப்பாங்க, ஒரு துண்டு மரபணு மட்டும் மாறி இருக்கும். கடதாசிலயே ஒரு துப்பு இருக்கு. ஆர்பிசி எண்ட வரியப் பாருங்க, சிவப்புக் கலத்தின்ட எண்ணிக்கை. இரும்பு குறைஞ்சவங்களுக்குக் கலமும் சின்னன், எண்ணிக்கையும் குறைவு. கேரியருக்குக் கலம் சின்னன், ஆனா எண்ணிக்கை கூட. எம்சிவிய ஆர்பிசியால பிரிச்சுப் பாருங்க, போன்ல கல்குலேட்டர் இருக்குத்தானே. எம்சிவி 66, ஆர்பிசி 5.9 எண்டா 11.2 வரும், 13க்குக் கீழ வந்தா தலசீமியாப் பக்கம் சாயுது. எம்சிவி 70, ஆர்பிசி 3.9 எண்டா 17.9, அது இரும்புப் பக்கம். இது ஒரு மனக்கணக்குத்தான், முடிவில்ல, முடிவு எச்பி வகைகளப் பிரிச்சுப் பாக்கிற எச்பிஎல்சி எண்ட டெஸ்ட்ல வரும், அதுல எச்பி ஏ2 3.5 வீதத்துக்கு மேல இருந்தா பீட்டா தலசீமியா கேரியர். இரும்பும் சேத்துக் குறைவா இருந்தா ஏ2 கொஞ்சம் இறங்கிக் காட்டும், அப்ப இரும்பச் சரிப்படுத்திட்டுத் திரும்ப எடுக்கச் சொல்லுவாங்க.

ஏன் இவ்வளவு நீட்டுறன் எண்டா, கேரியர் எண்டு தெரியாம வருசக்கணக்கா இரும்புக் குளிசை போடுற ஆக்கள் இருக்கிறாங்க, இரும்பு குறைவில்லாட்டி அது ஒரு பிரயோசனமும் இல்ல. ரெண்டாவது காரணம் கலியாணம். மாப்பிள்ளையும் பொம்பிளையும் ரெண்டு பேரும் கேரியர் எண்டா ஒவ்வொரு கர்ப்பத்திலயும் நாலில ஒரு பங்கு சாத்தியம் பிள்ளைக்குப் பெரிய தலசீமியா வர, அந்தப் பிள்ளை வாழ்நாள் முழுக்க மூண்டு நாலு கிழமைக்கு ஒருக்கா ரத்தம் ஏத்தணும். குருநாகல்ல அதுக்கெண்டே தேசிய நிலையம் இருக்கு. மச்சான் மச்சாள் எண்டு சொந்தத்துக்குள்ள கட்டிற எங்கட வழக்கத்தில இந்தச் சாத்தியம் கூட. சாதகம் பாக்கிற நேரத்தில ஒரு எஃப்பிசியும் பாத்தா ஒருத்தருக்கும் நட்டமில்ல.

படி 7: பெரிய கலம், அளவான கலம்

பெரிய கலத்துக்கு பி12 பாக்கணும். மரக்கறி மட்டும் சாப்பிடுற ஆக்கள், வயசு போனவங்க, சீனி வருத்தத்துக்கு மெற்ஃபோர்மின் வருசக்கணக்காப் போடுறவங்க, இவங்களுக்கு இது குறையும். ரத்தம் குறையிறது மட்டுமில்ல, நரம்பும் பழுதாகும். கால் விறைப்பு, ஊசி குத்திற மாதிரி, இருட்டில நடக்கத் தடுமாறுறது, ஞாபக மறதி. சீனியால எண்டு நினைச்சிட்டு விட்டுடுவாங்க. இதுல ஒரு ஆபத்து, பி12 பாக்காம ஃபோலிக் அசிட் (ஃபோலேட் குளிசை) மட்டும் போட்டா எச்பி ஏறிடும், கடதாசி அழகாயிடும், உள்ளுக்க நரம்பு பழுதாகிக்கொண்டே போகும். அதால பெரிய கலம் எண்டு தெரிஞ்சா சொந்தமா ஒண்டும் வாங்கிப் போடாதீங்க.

அளவான கலமும் குறைஞ்ச எச்பியும் எண்டா சிறுநீரகம் எப்பிடி வேலை செய்யுது எண்டு காட்டுற கிரியற்றினின் டெஸ்ட் கட்டாயம். சிறுநீரகம்தான் எலும்பு மச்சைக்கு "ரத்தம் செய்" எண்டு சொல்லுற ஹோர்மோனச் சுரக்கிறது, அது பழுதானா ரத்தம் உருவாகாது. எங்கட மாவட்டத்தில பதவி சிறிபுரப் பக்கம் சிறுநீரக வருத்தம் எவ்வளவு பேருக்கு வந்திருக்கு எண்டு எல்லாருக்கும் தெரியும், வயல் வேலை செய்யிற ஆம்பிளை ஒருத்தருக்கு எச்பி 10, எம்சிவி 86 எண்டு வந்தா நான் முதல்ல அதத்தான் நினைப்பன். முந்தி மலேரியாவும் இந்தப் பட்டியல்ல இருந்திச்சு, 2016ல இலங்கைல மலேரியா இல்ல எண்டு உலக சுகாதார நிறுவனம் சான்று குடுத்த பிறகு அந்தக் கவல குறைஞ்சிட்டுது, வெளிநாடு போய் வந்த ஆக்கள் மட்டும் சொல்லணும்.

படி 8: ரத்தம் எங்க போகுது?

இரும்பு குறைவு எண்டு தெரிஞ்ச உடன எல்லாரும் கேக்கிறது "என்ன சாப்பிடுறது" எண்டுதான். அது ரெண்டாவது கேள்வி. வீட்டுக் கூரைத் தாங்கில தண்ணி நிக்குதில்ல எண்டா ஓட்டையப் பாக்காம மோட்டரப் போட்டுக்கொண்டே இருப்பீங்களா, கரண்ட் பில்தான் ஏறும்.

பொம்பிளைகளுக்கு முதல்ல மாதவிடாய். ஏழு நாளைக்கு மேல போகுதா, பெரிய கட்டியாப் போகுதா, இரவில எழும்பி மாத்த வேண்டி இருக்கா, ரெண்டு பேட் ஒண்டா வைக்க வேண்டி இருக்கா? இதெல்லாம் "எங்கட பரம்பரைலயே அப்பிடித்தான்" எண்டு விடுற விசயமில்ல. அம்மாக்கும் அப்பிடி, பெரியம்மாக்கும் அப்பிடி எண்டா அவங்களும் காட்டாம விட்டிருக்கிறாங்க எண்டு மட்டும்தான் அர்த்தம். கர்ப்பப்பைல கட்டி இருக்கலாம், ஸ்கான்ல தெரியும், மருந்திருக்கு. ஆம்பிளை டொக்டரிட்டச் சொல்ல வெக்கமெண்டா உங்கட ஏரியா மிட்வைஃப் மிஸ்ஸிட்டச் சொல்லுங்க, வழி காட்டுவாங்க.

ஆம்பிளைக்கும், மாதவிடாய் நிண்ட பொம்பிளைக்கும் இரும்பு குறைஞ்சா, அது வேற எங்கயோ போகுது எண்டு நிரூபிக்கிற வரைக்கும் குடலாலதான் போகுது எண்டு எடுக்கணும். இதுல இரக்கமே காட்டாதீங்க. அல்சர், மூலம், குடல் புற்றுநோய் எல்லாம் இப்பிடித்தான் சத்தமில்லாம வரும். 55 வயசு ஆம்பிளைக்கு எச்பி 9.8, ஃபெரிட்டின் 7 எண்டு வந்தா குளிசை மட்டும் குடுத்து அனுப்பினா அது காணாது, எண்டோஸ்கோப்பி, பெருங்குடலுக்குள்ள கமரா விடுற கொலனோஸ்கோப்பி வேணுமா எண்டு நீங்களே வாய் திறந்து கேளுங்க. வலிக் குளிசை, அஸ்பிரின் போடுறத மறைக்காமச் சொல்லுங்க. மூலம் எண்டு நீங்களே முடிவெடுத்திடாதீங்க, மூலமும் இருந்து வேறயும் இருக்கலாம்.

பிள்ளைகளுக்கும் வெறுங்காலோட தோட்டம் செய்யிறவங்களுக்கும் கொக்கிப்புழு. பள்ளிக்கூடத்தில குடுக்கிற பூச்சி மருந்தத் துப்பிட்டு வராமப் பாருங்க, அவ்வளவுதான்.

படி 9: எச்பிக்குப் பக்கத்தில இருக்கிற மற்ற ரெண்டு

வெள்ளைக் கலம், பிளேட்லட். எச்பி மட்டும் குறைவு எண்டா ஒரு கதை. மூண்டும் ஒண்டாக் குறைஞ்சிருந்தா, இல்லாட்டி வெள்ளைக் கலம் தாறுமாறா ஏறிக் கிடந்தா எலும்பு மச்சைலயே பிரச்சின இருக்கலாம், அடுத்த கிளினிக் மட்டும் காத்திருக்காதீங்க. அதோட முரசில ரத்தம், அடிபடாமலே கண்டல், விட்டு விட்டுக் காய்ச்சல் இருந்தா அண்டைக்கே போங்க. பி12 கடுமையாக் குறைஞ்சாலும் மூண்டும் குறையலாம், அதால போக முதலே அழுது முடிக்கவும் வேண்டாம்.

படி 10: எப்ப ஓடுறது, எப்ப நடக்கிறது

இப்பவே போங்க, இரவு எண்டாலும். சும்மா இருக்கேக்கயே மூச்சு வாங்குது, நெஞ்சு நோகுது, மயங்கி விழுந்தாச்சு, சும்மா இருக்க நெஞ்சு படபடவெண்டு அடிக்குது, ரத்தம் சத்தி எடுத்தாச்சு, மலம் தார் மாதிரி கறுப்பா ஒட்டிக்கொண்டு கெட்ட மணத்தோட போகுது, மணித்தியாலத்துக்கு ஒரு பேட் நனைஞ்சு ரெண்டு மூண்டு மணித்தியாலமா நிக்கேல்ல, பிள்ளை பெத்த பிறகு ரத்தம் கூடப் போகுது, கர்ப்பிணிக்கு ரத்தம் படுது. இதுல ஒண்டு இருந்தாலும் 1990க்கு அடியுங்க, சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாம வரும். ஓட்டோல ஏத்திக்கொண்டு அலையிறத விட அது நல்லம், ஒட்சிசன் வண்டிக்குள்ளயே இருக்கு. மூதூர், கிண்ணியா, கந்தளாய்ப் பக்கம் இருக்கிறவங்க கிட்ட இருக்கிற ஆதார வைத்தியசாலைக்கே போங்க, டவுன் பெரியாஸ்பத்திரிக்குத்தான் போகணும் எண்டு நேரம் போக்காதீங்க, தேவையெண்டா அவங்களே அனுப்புவாங்க.

இண்டைக்கு இல்லாட்டி நாளைக்குள்ள. எச்பி 8க்குக் கீழ எண்டு கடதாசி வந்தா, உங்களுக்கு ஒண்டும் செய்யேல்ல போல இருந்தாலும். மெல்ல மெல்லக் குறைஞ்சா உடம்பு பழகிடும், 6.5ல வந்து நிண்டு கதைச்சுச் சிரிச்சவங்களை நான் கண்டிருக்கிறன், இதயம் பின்னால நிண்டு படுற பாடு அவங்களுக்குத் தெரியாது. கர்ப்பிணிக்கு 9க்குக் கீழ எண்டாலே கிளினிக் நாள் மட்டும் பாத்திராம மிட்வைஃப் மிஸ்ஸுக்கு உடனே கோல் எடுங்க, பிரசவம் கிட்டுதெண்டா இன்னும் கெதியா. கண் மஞ்சளாகி சிறுநீர் கடும் தேத்தண்ணி நிறத்தில போனாலும் இந்தக் கணக்குத்தான், ரத்தக் கலம் உடைஞ்சு போகலாம். சின்னப் பிள்ளை வெளிறிப் போய் பால் குடியாமச் சோந்து கிடந்தாலும்.

இந்தக் கிழமைக்குள்ள: எச்பி 8க்கும் 10க்கும் இடைல, கெதியா இறங்கிக்கொண்டு வாறது, மெலிவு, ஆம்பிளைக்கு இரும்புக் குறைவு, கால் விறைப்பு. மற்றதெல்லாம் ஓபிடிக்கோ குடும்ப டொக்டரிட்டயோ ஆறுதலாப் போகலாம், ஆனா போகணும்.

படி 11: குளிசை தந்தா போடுற முறை

பெரஸ் சல்பேட் 200 மில்லிகிராம் குளிசை ஒண்டுக்குள்ள கிட்டத்தட்ட 65 மில்லிகிராம் இரும்பு இருக்கு. 100 கிராம் பீட்ரூட்டில 1 மில்லிகிராம் கூட இல்ல. பீட்ரூட் சிவப்பா இருக்கிறதுக்கும் ரத்தத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல, நிறத்தப் பாத்து ஏமாந்ததுதான்.

ஏலுமெண்டா சாப்பாட்டுக்கு முதல், தேசிக்காய்த் தண்ணியோட. வயித்தப் பிரட்டுதெண்டா சாப்பிட்ட பிறகு போடுங்க, போடாம விடுறத விட அது மேல். பிளேன்ரீ, பால்தேத்தண்ணி, கோப்பி எல்லாம் குளிசைக்கு முன்ன பின்ன ஒண்டு ரெண்டு மணித்தியாலம் வேண்டாம், எங்கட ஆக்களுக்கு இதுதான் பெரிய தண்டனை எண்டு தெரியும், ஆனா குளிசையத் தேத்தண்ணியோட விழுங்கிறது காச வீசிறது மாதிரி. கிளினிக்கில தாற கல்சியத்தையும் இரும்பையும் ஒரே நேரத்தில போடாதீங்க, ஒண்டு பகல் ஒண்டு இரவு. தைரொயிட் குளிசைக்கும் இரும்புக்கும் நாலு மணித்தியால இடைவெளி. ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடச் சொன்னா டொக்டர் மறந்து எழுதினார் எண்டு நினைக்காதீங்க, அப்பிடிப் போட்டா உடம்பு நல்லா உறிஞ்சுது எண்டு கண்டிருக்கிறாங்க, வயித்துக் கரைச்சலும் குறைவு.

மலம் கறுக்கும், அது இரும்பால, பயப்பட வேண்டாம். மேல சொன்ன தார் மாதிரி ஒட்டிற, நாறுற கறுப்பு வேற. மலச்சிக்கல் வந்தா தண்ணி, பழம், இல்லாட்டி டொக்டரிட்டச் சொல்லி வேற வகை மாத்துங்க. சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீட்டில இந்தக் குளிசைய உயரத்தில பூட்டி வையுங்க, இனிப்பு எண்டு நினைச்சு ஒரு கை அள்ளி விழுங்கினா உயிருக்கே ஆபத்து.

மூண்டு நாலு கிழமைல எச்பி முந்தி இருந்தத விட 2 அளவில ஏறணும். ஏறேல்ல எண்டா குளிசை சரியாப் போடேல்ல, இல்லாட்டி ரத்தம் இன்னும் போகுது, இல்லாட்டி காரணமே வேற. நோமலுக்கு வந்த பிறகும் மூண்டு மாசம் போடணும், வங்கிப் புத்தகம் நிரம்ப வேணுமே. கன பேர் ஒரு மாசத்தில களைப்புப் போன உடன விட்டிட்டு அடுத்த வருசம் அதே இலக்கத்தோட வந்து ஜன்னல்ல நிப்பாங்க.

சாப்பாடு எண்டா சுருக்கமாச் சொல்லுறன். மீன், இறைச்சி, ஈரல், மட்டி இதுகளில இருக்கிற இரும்பு நல்லா உறிஞ்சப்படும், முருங்கையிலை பருப்பு கடலை இதுகளில இருக்கிறது குறைவாத்தான். கீரைக்கு தேசிக்காய்ப் புளி விட்டா கூட எடுபடும், அம்மம்மா சுண்டினதும் அப்பிடித்தானே. கர்ப்பிணிகள் ஈரல அடிக்கடி சாப்பிட வேண்டாம், விட்டமின் ஏ கூடிடும். கிளினிக்கில திரிபோசா எண்ட சத்துமா தந்தா கர்ப்பிணிதான் சாப்பிடணும், வீட்டில எல்லாருக்கும் உருண்டை பிடிச்சுக் குடுக்கிறதுக்கில்ல.

படி 12: டொக்டரிட்டக் கொண்டு போறது

பழைய ரிப்போர்ட் எல்லாம் திகதி வரிசைல. போடுற குளிசை எல்லாம் ஒரு பையில, ஆயுர்வேத மருந்து, கடைல வாங்கின வலிக் குளிசை உட்பட. கடைசி மாதவிடாய் எப்ப, எத்தின நாள் எண்டு எழுதி. கேக்க வேண்டிய கேள்வி ரெண்டுதான்: இது ஏன் வந்தது, திரும்ப எப்ப டெஸ்ட் எடுக்கணும்.

சில லாப்ல அடிக்கிற கடதாசி ஆறு மாசத்தில மங்கி வெள்ளையாயிடும், எங்கட லாப் மெஷினும் அப்பிடித்தான் இருந்திச்சு, அதால வாங்கின அண்டைக்கே போன்ல படம் எடுத்து வையுங்க. அம்மாட 12.1 கடதாசியத் தேடி எடுத்தப்ப அதுல இலக்கம் ஒண்டும் தெரியேல்ல, லாப் கொப்பியப் பிரட்டித்தான் கண்டுபிடிச்சன்.